தோட்டத்தில் என்ன போடுகிறார்கள்? வணிகர் அறிய வேண்டிய கணக்கு



மளிகைக் கடை நடத்துகிற நாம் தினமும் காலையில் எண்ணெய் விலை விசாரிக்கிறோம். பருப்பு மண்டிக்குப் போன் போடுகிறோம். முட்டை விலையைப் பத்திரிகையில் பார்க்கிறோம். ஆனால், நம் கடைக்கு வந்து அரிசி, பருப்பு, புளி வாங்கிப் போகிற விவசாயி இந்தப் பட்டத்துக்குத் தன் தோட்டத்தில் என்ன நட்டிருக்கிறார், ஏன் அதை நட்டார் என்று விசாரிக்கிறவர்கள் நம்மில் மிகக் குறைவு. நமது திருச்செங்கோடு வட்டாரத்து வணிகருக்கு இந்த விசாரணை மிகவும் அவசியம். மஞ்சளும் எள்ளும் கடலையும் ஜவ்வரிசியும் நாம் விற்கிற சரக்கு. அவை இங்கேயே விளைகின்றன. அதைவிட முக்கியமான காரணம், நம் கடைப் பற்று நோட்டில் இருக்கும் பாக்கியில் பெரும்பகுதி மஞ்சள் ஏலமும் கிழங்கு வெட்டும் நடந்த பிறகுதான் வசூலாகிறது. தோட்டத்தில் போட்ட பயிர் தவறினால் கல்லாவும் தவறும்.

நமது பகுதியின் நில அமைப்பை முதலில் பார்ப்போம். மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பாசனம் குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் கொஞ்சம் உண்டு. மேட்டூரின் கிழக்கு, மேற்கு இரண்டு கால்வாய்களும் சேர்ந்து பாசனம் தருவது 45 ஆயிரம் ஏக்கர் நிலத்துக்குத்தான். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை. மற்றபடி எல்லாம் கிணறு, ஆழ்துளைக் கிணறு, அதுவும் இல்லாத இடத்தில் மானாவாரிக் காடு. இந்தியா முழுவதும் போர் போடுகிற ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். உள்ளூர்த் தோட்டத்துக்காரர்களும் ஆழம் பார்க்காமல் போட்டுத் தள்ளினார்கள். 1990இல் விவசாய மின்சாரம் எல்லோருக்கும் இலவசம் என்று ஆனது. மோட்டார் ஓட்டுவதற்குக் காசு இல்லை என்றானபோது பத்து மாதம் தண்ணீர் கேட்கும் மஞ்சளும் மரவள்ளியும் பயமில்லாமல் நடக்கூடிய பயிராயின. சோளமும் கம்பும் போட்ட காடுகள் பல இப்படித்தான் தோட்டமாயின.

சோளம், கம்பு குறைந்ததற்கு இன்னொரு காரணம் நமக்கு நன்றாகவே தெரியும். ரேஷன் அரிசி 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று வந்தது. ஏழை வீட்டு அடுப்பில் களியும் கம்பஞ்சோறும் குறைந்தன. மூட்டை மூட்டையாகக் கம்பு விற்ற நம் கடைகளில் அது கால் கிலோ பாக்கெட்டாகிச் சர்க்கரை வியாதிக்காரர்கள் வாங்கும் சரக்காக மாறியது. அரசாங்கம் யாரையும் கம்பு போடாதே என்று சொல்லவில்லை. வாங்குகிறவர் கை மாறியது, அவ்வளவுதான். சோளம் மட்டும் மாட்டுத் தீவனத் தட்டுக்காக இன்னும் நிற்கிறது.

மஞ்சளின் வலை

விலை எப்படிப் பயிரை ஆட்டுவிக்கிறது என்பதற்கு மஞ்சளைப் போன்ற பாடம் வேறில்லை. திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர்கள் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மஞ்சள் ஏலத்துக்குப் போய் வந்தவர்களுக்கு விரலி, கிழங்கு, பனங்காளி என்று மூன்று ரகமும் தனித்தனிக் குவியலாக இருப்பது தெரியும். அந்தக் குவியலின் விலையைத் தை, மாசி, பங்குனியில் பார்த்துவிட்டு விவசாயி வைகாசியிலும் ஆனியிலும் நடவு செய்கிறார். நட்ட மஞ்சள் ஏலத்துக்கு வருவது அடுத்த தை, மாசியில். அதாவது, இந்த ஆண்டு விலையை நம்பி நட்டு, அடுத்த ஆண்டு விலைக்கு விற்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஓராண்டு இடைவெளி. அந்த ஓராண்டில் ஈரோடு, நிஜாமாபாத், சாங்லி, ஹிங்கோலி, கடப்பை என்று எல்லா ஊர் விவசாயியும் அதே விலையைப் பார்த்து அதே முடிவை எடுத்திருப்பார்.

2010ஆம் ஆண்டு இதற்குச் சாட்சி. அப்போது மஞ்சள் குவிண்டால் 17,000 ரூபாயைத் தொட்டது. நம் பகுதியில் தென்னைக்கு இடையில்கூட மஞ்சள் நட்டவர்கள் உண்டு. 2012இல் அதே குவிண்டால் 4,000 ரூபாய்க்கு அருகில் வந்து நின்றது. நட்டபோது இருந்த விலையில் நான்கில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் 10,000 ரூபாய் என்ற அளவில் விலை நிலைக்கவில்லை. பலர் மஞ்சளைக் கைவிட்டார்கள். பரப்பு குறைந்து, இருப்பும் கரைந்து, 2023இல் விலை மறுபடி 10,000 ரூபாயைத் தாண்டியது.

பொருளாதார அறிஞர்கள் இதைச் 'சிலந்தி வலை' என்கிறார்கள். ஜெர்மனியில் பன்றி வளர்ப்போர் ஓராண்டு விலை பார்த்து மறு ஆண்டு குட்டி பெருக்கி, எல்லோரும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலையைக் கெடுத்துக்கொள்வதை 1920களில் கணக்கெடுத்தார்கள். விலையையும் வரத்தையும் கோடு போட்டு வரைந்தால் சிலந்தி வலை போலச் சுற்றிச் சுற்றி வரும் என்பதால் 1934இல் கால்டார் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பெயரை வைத்தார். பன்றிக்குச் சொன்னது மஞ்சளுக்கு அப்படியே பொருந்துகிறது என்று நாம் சொல்லமாட்டோம். மஞ்சளில் கூடுதலாக இரண்டு சிக்கல் உண்டு.

முதல் சிக்கல் விதைக்கிழங்கு. ஏக்கருக்கு 6 முதல் 8 குவிண்டால் வரை பச்சைக் கிழங்கு விதையாகத் தேவை. விலை ஏறிய ஆண்டில் ஓர் ஊரில் 100 ஏக்கர் கூடுதலாக நடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 7 குவிண்டால் வீதம் 700 குவிண்டால் பச்சைக் கிழங்கு மண்ணுக்குள் போகிறது. வேகவைத்துக் காயவைத்தால் அது ஐந்தில் ஒரு பங்காகும். அப்படிப் பார்த்தால் ஏலத்துக்கு வரவேண்டிய 140 குவிண்டால் சரக்கு வராமல் போகிறது. ஆகவே ஏறுகிற விலை இன்னும் ஏறுகிறது. விலை இறங்கும்போது இதற்கு நேர்மாறாக நடக்கும். நடவு வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள் விதைக்கு வைத்ததையும் வேகவைத்துச் சந்தைக்குக் கொண்டுவருவார்கள். இறங்குகிற விலை இன்னும் இறங்கும்.

இரண்டாவது சிக்கல் இருப்பு. மஞ்சள் தக்காளி அல்ல. வண்டு விழாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு ஆண்டுகூடக் கிடங்கில் கிடக்கும். விலை விழுந்தால் விவசாயியும் வியாபாரியும் மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பழைய மூட்டைகள் ஒவ்வோர் ஆண்டும் புதுச் சரக்கின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மஞ்சளில் ஏற்றம் ஓரிரு ஆண்டில் முடிந்துவிடுகிறது, இறக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகிறது.

நம்மில் சிலர் மலிவாக இருக்கிறதே என்று மஞ்சளை வாங்கி வைப்பதுண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. குவிண்டால் 6,000 ரூபாய்க்கு வாங்கி, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிக் கணக்கில் இரண்டு ஆண்டு வைத்தால் வட்டி மட்டும் 2,880 ரூபாய். 8,880 ரூபாய்க்கு விற்றால் அசலும் வட்டியும்தான் வரும். கிடங்கு வாடகை, எடை குறைவு, வண்டுச் சேதம் இதில் சேரவில்லை. இறக்கம் எத்தனை ஆண்டு நீளும் என்பதைப் பரப்பும் பழைய இருப்பும்தான் தீர்மானிக்கும்.

ஆதார விலை யாருக்கு?

மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது. 1965இல் வேளாண் விலைக் குழு ஏற்பட்டதிலிருந்து ஆதார விலை முறை நடந்து வருகிறது. இன்று நெல், கோதுமை, மக்காச்சோளம், துவரை, உளுந்து, கடலை, எள், பருத்தி முதலாக 22 விளைபொருள்களுக்கு அறிவிக்கிறார்கள். கரும்புக்குத் தனி விலை. நெல்லுக்கு அறிவிப்போடு கொள்முதலும் உண்டு. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் அறிவிப்பு மட்டும் இருக்கும், எடை போட்டு வாங்க ஆள் இருக்காது. டெல்டாவில் தண்ணீர் வந்தால் நெல் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். நம் பக்கத்து விவசாயிக்கு அந்த நிச்சயம் இல்லாததால் அவர் ஒவ்வோர் ஆண்டும் ஏலத்தையும் ஆலையையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கப்பட்டது. ஏற்றுமதி, தரம் பற்றி அது பேசலாம். விலைக்கு அது உத்தரவாதம் அல்ல.

பூனாவின் விரதமும் நம் கிழங்கும்

இரண்டாம் உலகப் போரில் மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அன்று பிறந்த தொழில்தான் இன்று சேலம், நாமக்கல் மாவட்டங்களில் சேகோ ஆலைகளாக நிற்கிறது. ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் பதிவாகி, மறு ஆண்டு முதல் சேலத்தில் ஏல விற்பனை நடத்தி வருகிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாம் பாயசத்துக்கும் வற்றலுக்கும் விற்கும் ஜவ்வரிசி கொஞ்சம்தான். பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போகிறது. அங்கே ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரத நாள்களில் சோறு விலக்கு. ஜவ்வரிசிக் கிச்சடி உண்டு. பூனாவில் விரதம் இருக்கிறவர்களின் கிராக்கிதான் நம் ஊர்க் கிழங்கின் விலை. வேடிக்கையாகத் தோன்றினாலும் உண்மை.

மரவள்ளியின் குணம் மஞ்சளுக்கு எதிரானது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் ஆலைக்குப் போயாக வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். ஆனால் பிடுங்காமல் மண்ணிலேயே ஓரிரு மாதம் விட்டுவைக்கலாம். விலை சரியில்லை என்றால் விவசாயி வெட்டைத் தள்ளிப்போடுவார். மழை பெய்துவிட்டால் மாவுச்சத்து 'பாயிண்ட்' இறங்கும். விலை பாயிண்ட் கணக்கில்தான் என்பதால் அதிலும் நட்டம். நிலமும் அடுத்த பயிருக்குக் காலியாகாது. ஆக, அவர் காத்திருக்க முடிகிற காலம் குறைவு. இது ஆலைக்காரருக்கும் தெரியும்.

இருந்தும் மரவள்ளி ஏன் ஒழியவில்லை? விதைச் செலவு குறைவு. சென்ற பயிரின் குச்சியை வெட்டிக் கரணையாக நட்டால் போதும். ஆள் கூலி மஞ்சளைவிடக் குறைவு. தண்ணீர் கொஞ்சம் தவறினாலும் தாங்கும். மஞ்சளில் அடிபட்டவர் அடுத்து மரவள்ளிக்குப் போவதும், மரவள்ளி விலை கெட்டால் மஞ்சளுக்குத் திரும்புவதும் நம் பகுதியில் வழக்கம். அதனால் இந்த இரண்டின் விலையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி பிறகு நம் மாவட்டங்களில் பரவிப் பெருஞ்சேதம் செய்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பயிர் மாற்றத்துக்கு விலை மட்டும் காரணமல்ல, பூச்சியும் ஒரு காரணம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

டில்லியில் எத்தனால், நாமக்கல்லில் முட்டை

கொள்கை மாற்றம் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு மக்காச்சோளம் நல்ல உதாரணம். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டத்துக்கு முன்பெல்லாம் கரும்பும் அரிசியும்தான் முக்கியம். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கு அரிசி தருவதை நிறுத்தியது. டிசம்பரில் கரும்புச் சாற்றுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2024 ஜனவரியில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் 79 காசு ஊக்கத்தொகை அறிவித்து, விலையை 71 ரூபாய் 86 காசாக்கினார்கள். சாராய ஆலைகள் மக்காச்சோளம் தேடி மண்டிக்கு வந்தன.

அதே மக்காச்சோளம்தான் நாமக்கல் கோழிப் பண்ணையின் தீவனத்தில் பாதி. முட்டையின் அடக்கவிலையில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தீவனமே. பண்ணையாளர்கள் குறைந்த வரியில் இறக்குமதி கேட்டார்கள். 2024இல் சுமார் 5 லட்சம் டன் வரை 15 சதவீத வரியில் அனுமதி கிடைத்தது. விவசாயிக்கோ இது நல்ல செய்தி. நான்கு மாதத்துக்குள் பணமாகும் பயிர், வாங்க இரண்டு தரப்பு. 2018இல் படைப்புழு வந்து மிரட்டியும் மக்காச்சோளம் நிலைத்ததற்கு இதுதான் காரணம். ஆதார விலையும் 2023-24இல் 2,090 ரூபாய், 2024-25இல் 2,225, 2025-26இல் 2,400 என்று ஏறியிருக்கிறது.

இந்தக் கதை மரவள்ளிக்காரரையும் தொடுகிறது. சைசிங் பட்டறைக்கும் மற்ற தொழில்களுக்கும் மரவள்ளி மாவோடு மக்காச்சோள மாவு போட்டி போடுகிறது. ஜவ்வரிசியிலேயே மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்று கிழங்கு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். ஜவ்வரிசி வாங்கும்போது நாம் விலை மட்டும் பார்க்காமல் சரக்கையும் பார்த்து வாங்குவது நல்லது. மாதிரி எடுக்க அதிகாரி வந்தால் முதலில் நிற்பது நம் கடை வாசலில்தான்.

கடலையை விரட்டியது யார்?

இது நமக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். 1986இல் எண்ணெய் வித்துத் திட்டம் தொடங்கி, 1990களின் ஆரம்பத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டது. தமிழ்நாட்டில் அப்போது நிலக்கடலை சுமார் 10 லட்சம் எக்டேர். 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது, மறு ஆண்டு மற்ற எண்ணெய்களும். 1998இல் வரி 15 சதவீதமாகக் குறைந்தது. 2007 முதல் ரேஷன் கடையிலும் பாமாயில். இன்று நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. தமிழ்நாட்டின் கடலைப் பரப்பு 4 லட்சம் எக்டேருக்குள் சுருங்கிவிட்டது.

பாமாயில் டின்னை முன்வரிசையில் அடுக்கியவர்கள் நாம்தான். வாடிக்கையாளர் கேட்டார், விற்றோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. எல்லாப் பழியும் பாமாயிலுக்கு என்பதும் சரியல்ல. கடலை பிடுங்கவும் காய் ஆயவும் ஆள் கிடைக்கவில்லை. ஆடிப்பட்டத்து மழை நம்பும்படி இல்லை. மயில் கூட்டம் விதையையே கொத்திப்போகிறது. ஆனால் விலை உறுதியாக இருந்திருந்தால் கூலிக்கு வழி கண்டிருப்பார்கள். ரேஷனில் பாமாயிலுக்குப் பதில் கடலெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொடுங்கள் என்ற விவசாயிகளின் கோரிக்கை இன்னும் நிற்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு 20 சதவீத இறக்குமதி வரி போட்டார்கள். 2025 மே இறுதியில் அதை 10 சதவீதமாக்கினார்கள். ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை வாங்கக் காசு புரட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்த நேரத்தில் அது என்ன செய்தி சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பருப்பிலும் இதே கதைதான். 2015இல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாய் வரை போனதை நாம் மறக்கவில்லை. அதைப் பார்த்து நாடெங்கும் விதைத்தார்கள். 2015-16இல் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த துவரை, 2016-17இல் சுமார் 48 லட்சம் டன். ஆதார விலை 5,050 ரூபாய்க்குக் கீழே மண்டிகளில் விற்றது. விலை ஏறினால் இருப்புக் கட்டுப்பாடும் வரும். 2024 ஜூனில் துவரை, கொண்டைக்கடலைக்கு வந்த உத்தரவில் மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன் என்று செப்டம்பர் 30 வரை வரம்பு வைத்தார்கள். உத்தரவு வந்த உடனே மண்டிக்காரர் கொள்முதலை நிறுத்துகிறார். விளைந்த இடத்தில் விலை சரிகிறது. அடுத்த பட்டத்தில் விவசாயி வேறு பயிருக்குப் போகிறார். கொள்கை பெரும்பாலும் நம் கை வழியாகத்தான் தோட்டத்துக்குப் போய்ச் சேருகிறது.

கடையில் செய்யக்கூடியவை

சித்திரை, வைகாசியில் கடைக்கு வரும் தோட்டத்துக்காரர்களிடம், “ஏனுங்க, இந்த வருசம் என்னங்க போடறீங்க?” என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஆறு பேர் ஒரே பயிரைச் சொன்னால் நோட்டில் குறித்துவையுங்கள். அந்தப் பயிர் சந்தைக்கு வரும் மாதத்தில் அந்தச் சரக்கைப் பெரிய அளவில் இருப்பு வைக்காதீர்கள். விதை மஞ்சள் விலை தாறுமாறாக ஏறுகிறது என்று கேள்விப்பட்டால் உச்சம் பக்கத்தில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பற்று வரவிலும் கவனம் தேவை. மஞ்சள் உச்ச விலையில் இருக்கும் ஆண்டில்தான் புதிய வண்டி, வீட்டு வேலை என்று செலவு பெருகும். நாமும் தாராளமாகப் பற்று எழுதுவோம். வசூல் வருவது அடுத்த ஆண்டு விலையில். ஆகையால் மஞ்சள் மட்டும் நட்டவருக்கு ஓர் அளவு, மஞ்சளோடு மாடும் மக்காச்சோளமும் வைத்திருப்பவருக்கு ஓர் அளவு என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. பால் பணம் வாரந்தோறும் வரும் வீட்டில் மளிகைப் பாக்கி நிற்பது அபூர்வம். மரவள்ளி வைத்திருப்பவரிடம் தேதி கேட்டு நெருக்கினால் மழைக்கு முன் கிடைத்த விலைக்கு வெட்டிவிடுவார். ஒரு மாதம் பொறுத்தால் பாயிண்ட் கூடுமா, மழை வருமா என்பதை அவரோடு பேசியே வசூல் நாளைக் குறிக்கலாம்.

விலை விவரம் கேட்டு வரும் விவசாயிக்கு நம் மண்டித் தொடர்புகள் மூலம் தெரிந்ததைச் சொல்லுங்கள். ஈரோட்டு வரத்து எவ்வளவு, சாங்லியில் பழைய இருப்பு எப்படி என்று நமக்கு ஒரு போனில் தெரிந்துவிடும். வைகாசி நடவுக்கு முன் அது அவர் காதுக்குப் போனால் ஒரு ஏக்கரையாவது வேறு பயிருக்கு ஒதுக்குவார்.